பிரிந்து வந்த தாய்க்குச் சேலத்தில் கிடைக்கும் பண உதவிகள்: ஒரு மதிப்புரை

கணவரைப் பிரிந்து குழந்தைகளோடு தாய்வீடு திரும்பிய பெண்ணுக்குப் பணமாக என்ன கிடைக்கும் என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும், "மாசம் ஆயிரத்துக்கு எழுதிப் போடச் சொல்லுங்க" என்பதுதான் முதலில் வரும் பதில். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்ற அந்த அரசு உதவிக்கு எழுதிப் போட வேண்டியதுதான். ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொண்டால், மிகவும் நெருக்கடியான முதல் சில மாதங்கள் ஒரு ரூபாய்கூட வராமல் கழிந்துவிடும். என் அக்கா மகள் தன் இரண்டு குழந்தைகளோடு அம்மாபேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்த பிறகு, அவளுடன் சேர்ந்து நான் ஏறி இறங்கிய சேவைகளை இங்கே மதிப்பிடுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: எது எவ்வளவு சீக்கிரம் கையில் பணமாக மாறுகிறது. அஞ்சலகக் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் தங்கிவிடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கம் எனக்கு உண்டு.

நான் முதலிடம் தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் இந்த அலுவலகத்தை, வழக்கறிஞருக்குக் கொடுக்க வழியே இல்லாத பரம ஏழைகளுக்கானது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. வருமானச் சான்று கேட்கும் கட்டமே அங்கு இல்லை என்பது, அதற்குமுன் சென்ற ஒவ்வோர் இடத்திலும் முதல் கேள்வியாக அதையே கேட்டு வந்த எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. நேரில் வர முடியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர் வயதில் இளைய பெண் வழக்கறிஞர். கதையைக் கேட்டு முடித்ததும் அவர் சொன்னது, "அக்கா, அழுததெல்லாம் போதும், நாளைக்கு வரும்போது செலவுக் கணக்கை எழுதிட்டு வாங்க" என்பதுதான். கறாரான பேச்சாகத் தோன்றினாலும், அன்று தேவைப்பட்டது அதுதான்.

வழி இரண்டு உண்டு என்று அவர் விளக்கினார். ஒன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகத் தொடரும் ஜீவனாம்ச மனு. மனைவி இப்போது எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊரிலேயே இதைப் போடலாம் என்பதால், கணவர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்குப் பெற்றோர் சட்டப்படி மணந்தவர்களா என்பது தடையாகாது. மற்றொன்று, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இது 20ஆம் பிரிவின்கீழ் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, மாதாந்தரத் தொகை எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்க இடம் தருகிறது. பீரோவில் விட்டுவந்த சீதன நகையைத் திரும்பக் கேட்கவும் இதிலேயே வழி இருக்கிறது. திருமணம் ஆகாமல் கணவன் மனைவிபோலச் சேர்ந்து வாழ்ந்தவர்களும் இதைப் பயன்படுத்தலாம். இந்த இரண்டாம் வழியில் மாவட்டச் சமூகநல அலுவலகத்தைச் சேர்ந்த பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கையைக் கட்டணம் எதுவுமின்றித் தயாரித்து நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். அடி, உதை நடந்திருந்தால்தான் இந்தச் சட்டம் என்று எண்ண வேண்டாம். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையும், நகையை எடுத்துக்கொண்டு தர மறுப்பதையும் பொருளாதார வன்முறை என்றே சட்டம் வகுத்திருக்கிறது.

காலக்கெடுவைப் பற்றி எழுதியாக வேண்டும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சென்று சேர்ந்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நோட்டீஸ் சென்று சேர்வது என்பதிலேதான் முடிச்சு இருக்கிறது; கதவைச் சாத்திக்கொள்பவரும், பட்டறையில் இல்லை என்று சொல்லச் சொல்பவரும் அந்த 60 நாளைத் தொடங்கவே விடமாட்டார்கள். எனவே கணவரின் வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்தின் முகவரியையும், கைபேசி எண்ணையும் மனுவிலேயே சேர்க்கச் சொல்வது நல்லது. தாமதம் ஆனாலும் நட்டமில்லை என்பதற்கு ஒரு பிடி இருக்கிறது: 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே மனுவை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அந்த ஒரு மாதப் பணம் போனது போனதுதான்.

அதே தீர்ப்பு, இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன், வருமானம், செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இந்தப் படிவம்தான் முழு வழக்கின் உயிர்நாடி. சேலத்தில் இது ஒரு தனிச் சிக்கல். மாதச் சம்பளக்காரரின் வருமானத்தைச் சம்பளச் சீட்டு சொல்லிவிடும். கொலுசுப் பட்டறையிலும் விசைத்தறியிலும் கூலி வேலை பார்ப்பவருக்கு அப்படி ஒரு சீட்டே கிடையாது. என் அக்கா மகளின் கணவரும் வெள்ளித் தொழிலில் இருப்பவர். "வாரத்துல ரெண்டு நாள்தான் வேலை, கையில ஒன்னும் நிக்கல" என்பதே அவர் தரப்பின் வாதம். வழக்கறிஞர் எங்களைத் தேட வைத்தது எல்லாம் சிறு சிறு துண்டுகள்: அவர் மாதாமாதம் கட்டிவந்த சீட்டின் சிறு நோட்டு, இருசக்கர வாகனக் கடனின் தவணைக் குறுஞ்செய்தி, செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எடைக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அவரே ஜிபேயில் செலுத்திய பதிவு. இரண்டு நாள் வேலை பார்ப்பவர் இத்தனை தவணையை எப்படிக் கட்டினார் என்ற கேள்வி, அவற்றை வரிசையாக அடுக்கியதும் தானே எழுந்தது. உடல்வலு உள்ள கணவர் கூலி வேலை செய்தேனும் மனைவி மக்களைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் கூறியிருக்கிறது; எனவே வருமானம் இல்லை என்ற ஒற்றை வரியால் மனு தள்ளுபடி ஆகிவிடாது. வீட்டை விட்டு வரும் பெண் துணிமணிக்கு முன்பாக எடுத்து வைக்க வேண்டியவை இத்தகைய காகிதங்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். அசல் கிடைக்காவிட்டால் கைபேசியில் படமாவது இருக்க வேண்டும்.

செலவுப் பக்கத்தையும் அதே கவனத்தோடு நிரப்ப வேண்டும். என் அக்கா மகள் முதலில் வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் என்று மூன்று வரி மட்டும் எழுதினாள். காஸ் சிலிண்டர், பள்ளி வேன், சின்னவனின் வீசிங் மருந்து, தீபாவளித் துணி, கைபேசி ரீசார்ஜ் என்று வழக்கறிஞர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுத வைத்த பிறகு தாள் நிரம்பியது. 'இதையெல்லாமா கோர்ட்டில் எழுதுவது' என்று கூச்சப்படும் பெண்கள்தான் குறைந்த தொகைக்கு உத்தரவு வாங்கி வருகிறார்கள் என்பது அவர் அனுபவம்.

இந்தக் கட்டத்தில் உறவினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோர்ட்டு வரை போக வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துக் கூட்டி, முத்திரைத்தாளில் 'இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பது நம் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. அது விவாகரத்து ஆகாது. ஆனால் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று 144ஆம் பிரிவே கூறுவதால், அந்தத் தாளைக் கணவர் தரப்பு நீதிமன்றத்தில் கேடயமாகப் பிடிக்க முடியும். எங்களிடமும் அப்படி ஒரு தாள் வந்தது. என் அக்கா வீட்டுக்காரர், "பெரியவங்க சொல்றாங்க, போட்டுக் குடுத்துரு கண்ணு" என்றுகூடச் சொன்னார். வழக்கறிஞரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை என்று அவள் நின்றதுதான் அவள் தரப்பைக் காப்பாற்றியது.

இனி அரசுத் திட்டங்கள். இவற்றில் எதைத் தொடுவதற்கும் முன்னால் ஆதாரையும் குடும்ப அட்டையையும் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் எல்லாப் பூட்டும் இந்த இரண்டில்தான் தொங்குகிறது. ஓர் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிய உட்கார்ந்தபோது, சரிபார்ப்புக்கான ஓடிபி எண் கணவரின் கைபேசிக்குப் போனது. ஆதார் எடுத்த காலத்தில் வீட்டுக்கு இருந்த ஒரே எண் அவருடையது. மைய ஊழியர் சலிப்போடு, "அவருகிட்ட போன் போட்டு நம்பரைக் கேட்டு வாங்குங்க" என்று சொன்னதும் என் அக்கா மகளின் முகம் போன போக்கை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆதார் மையத்தில் கைரேகை வைத்துத் தன் சொந்த எண்ணை இணைத்துக்கொள்ள வேறு ஆவணம் எதுவும் தேவையில்லை. இதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும். கூடவே, தன் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கி, ஆதார் அந்தக் கணக்கில்தான் இணைந்திருக்கிறதா என்று வங்கியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கூட்டுக் கணக்கில் இணைந்திருந்தால் அரசு அனுப்பும் பணம் அங்கே போய் விழும்.

குடும்ப அட்டையில் கணவர் வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கித் தன்னைத் தலைவியாகக் கொண்ட புதிய அட்டையைப் பெற வேண்டும். இது வட்ட வழங்கல் அலுவலகத்தின் வேலை. பிரிந்து வாழ்வதை எழுத்தில் கொடுத்து, தற்போது குடியிருக்கும் இடத்தில் கள விசாரணை முடிந்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான் என்றாலும், இந்த அட்டை இல்லாமல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைப் பற்றிப் பேசவே முடியாது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டம் ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்ற கணக்கில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மாமியாரின் பெயரில் அந்த வீட்டுக்குத் தொகை போய்க்கொண்டிருக்கும்வரை அதே அட்டையில் உள்ள மருமகளுக்கு இடமில்லை. 21 வயது நிறைவு, ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் குடும்ப வருமானம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேற்படாத மின்சாரம் ஆகியவை திட்டம் தொடங்கியபோது வகுத்த நிபந்தனைகள். தனி அட்டை வந்துவிட்ட பெண்ணுக்கு இவை பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை.

நான் மிகக் குறைந்த மதிப்பெண் தருவது, பெயரைக் கேட்டாலே இவர்களுக்கென்றே உருவானது எனத் தோன்றும் கணவரால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்குத்தான். 2023 ஆகஸ்ட்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட இத்தொகையைப் பெற, வயது 30 நிரம்பியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து பெற்றிருக்க வேண்டும், அல்லது குறைந்தது ஐந்து ஆண்டுகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றப் பிரிவினைச் சான்று வைத்திருக்க வேண்டும். 26 வயதில் இரண்டு பிள்ளைகளோடு நேற்று வீட்டை விட்டு வந்தவருக்கு இதில் ஒரு சொல்கூடப் பொருந்தாது. பிள்ளைகள் பால்குடி மறந்து பள்ளி போய்ச் சேர்ந்த பிறகு வருகிற உதவியை அவசர உதவி என்று எப்படிச் சொல்வது? தொகையும் சேலத்தில் ஓர் அறை வீட்டின் வாடகைக்குக் காணாது. இருந்தாலும் வருவாய்த் துறை தரும் கைவிடப்பட்ட பெண் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து வைப்பது வீணல்ல. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை ஏறி வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். இலவசத் தையல் இயந்திரம் உள்ளிட்ட சமூகநலத் துறை உதவிகளுக்கு அந்தச் சான்று பயன்படும். விசாரணைக்கு வந்தவர்களில் ஒருவர், "சமாதானமாப் போயிருக்கலாமேம்மா" என்று அறிவுரை சொல்லிவிட்டுத்தான் படிவத்தைத் திறந்தார். அந்த அறிவுரைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று என் அக்கா மகள் சொன்னதை நான் மிகவும் ரசித்தேன்.

அதிகம் பேசப்படாததும், தொகையில் எல்லாவற்றையும்விடப் பெரியதுமான உதவி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக வரும், ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு. கணவரை இழந்த, விவாகரத்தான, அல்லது குடும்பத்தால் கைவிடப்பட்ட தாயின் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. அலகின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுகிறார். மாவட்டக் குழு ஒப்புதல் அளிக்கிறது. குறை வருமான வரம்பில் இருக்கிறது: கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், பிற பகுதிகளில் 96,000 ரூபாய். மாதத்துக்கு வகுத்தால் நகரத்தில் 8,000 ரூபாய் வருகிறது. நான்கு ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்து ஒன்பதாயிரம் வாங்கிவிட்டால் தகுதி போய்விடும் என்ற நிலையில், பிள்ளைக்கான பணத்தைக் காக்கத் தாய் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அலுவலகத்தில் எவரிடமும் பதில் இல்லை. ஒப்புதலுக்கும் காத்திருப்பு உண்டு. அப்படியிருந்தும், தகுதி உள்ளவர்கள் மகளிர் உரிமைத் தொகைக்கு அலைவதற்கு முன்பே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வன்முறையோடு வெளியேறி, தங்கவே இடமில்லாதவர்களுக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணும், அதன்வழி சென்றடையும் சகி ஒருங்கிணைந்த சேவை மையமும் இருக்கின்றன. அங்கே குறுகிய காலத் தங்கல், மருத்துவம், காவல் துறை உதவி, சட்ட ஆலோசனை ஆகியவை ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். பணமாக எதுவும் தருவதில்லை. எங்களுக்கு அந்தத் தேவை எழாததால் மதிப்பெண் போடவில்லை.

சேர்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு இதே சேவைகள் வேறு விலையில் கிடைக்கின்றன என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஏற்காட்டில் வட்டாட்சியர் அலுவலகம் இருப்பதால் சான்றிதழ்கள் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் குடும்ப நீதிமன்றத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். காப்பி பறிக்கும் காலத்தில் ஒரு வாய்தாவுக்கு வருவது என்றால் பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் சேர்ந்து போகிறது. எங்கள் வரிசையில் அமர்ந்திருந்த தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு அதைவிடப் பெரிய கவலை வீடு. தோட்ட நிர்வாகம் தொழிலாளர்களுக்குத் தரும் எஸ்டேட் லைன் வீடு கணவரின் வேலையோடு ஒட்டியது. அவரை விட்டு வந்தால் கூரையும் போய்விடும் என்பதாலேயே பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டதாகச் சொன்னார். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து பெண்ணை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவிடவும், அது முடியாதபோது மாற்று வீட்டுக்கான வாடகையைத் தரச் செய்யவும் நடுவருக்கு அதிகாரம் தருகிறது. மலையில் இருப்பவர்கள் ஜீவனாம்சத்தோடு இதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

உத்தரவு வாங்கிய பிறகுதான் பல குடும்பங்கள் சோர்ந்துபோகின்றன. எங்கள் வழக்கில் இடைக்கால உத்தரவு வந்து, முதல் இரண்டு மாதம் பணம் ஒழுங்காக வந்தது, பிறகு நின்றது. கட்டத் தவறினால் பிடியாணை பிறப்பிக்கவும், தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான மனுவைப் பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். 'மொத்தமாகச் சேரட்டும், அப்புறம் கேட்போம்' என்று விட்டால் பழைய பாக்கியை இந்த வழியில் வசூலிக்க முடியாது. சட்டப் பணிகள் ஆணைக்குழு தந்த அதே வழக்கறிஞர் இந்த மனுவையும் கட்டணமின்றிப் போட்டுத் தந்தார், பலருக்குத் தெரியாத வசதி இது. நிலுவை மாதங்களை வங்கிப் பாஸ்புக்கில் வட்டமிட்டுக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்; அடுத்த வாய்தா வரும் திங்கட்கிழமை.